சின்ன செயின்ரிங்குக்கு எந்த முன் டிரெயிலியர்? தாப்பா தோட்டப் பாதைகளை வைத்து ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்குள் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, முன்னால சின்ன ரிங் போடப் போறேன். எந்த எஃப்.டி. வாங்கட்டும்?" எஃப்.டி. என்று நாங்கள் சொல்வது முன் டிரெயிலியரைத்தான், அதாவது பெடல் பக்கத்துப் பல்சக்கரங்களில் (ரிங்) ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செயினைத் தள்ளும் பாகம். கேட்கும்போதே பலர் ஷொப்பி இணையக் கடையில் ஒன்றை வாங்கி முடித்திருப்பார்கள். அது பொருந்தாது. செயின் பெரிய ரிங்குக்கு ஏறாது, அல்லது ஏறித் தாண்டி வெளியே விழும். கடைசியில் எஃப்.டி.யே மட்டம் என்று கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

பெரும்பாலும் எஃப்.டி. மேல் குற்றம் இருக்காது. பெரிய ரிங்கில் எத்தனை பல், இடது கை கியர் லீவர் எந்த வகை, ரிங்குகளைத் தாங்கும் க்ராங்க் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, இந்த மூன்றும் முடிவான பிறகே எஃப்.டி.க்குக் காசு எடுக்க வேண்டும். கீழே எழுதியிருப்பது அந்த வரிசையில் யோசித்த ஒப்பீடு. எங்கள் பக்கத்துப் பாதைகளை மனதில் வைத்து எழுதியது. கோலாலம்பூரில் தார்ச்சாலை மட்டும் ஓட்டுகிறவருக்கு வேறு கணக்கு வரலாம்.

சின்ன ரிங் உண்மையிலேயே வேண்டுமா?

கேமரன் மலை ஏறத்தான் சின்ன ரிங் என்று பலர் நினைக்கிறார்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை 59-ஆம் எண் கூட்டரசுச் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். வகுத்துப் பாருங்கள், சராசரி ஏற்றம் நூறு மீட்டருக்கு இரண்டரை மீட்டரைத் தொடவில்லை. அந்தச் சாலை ஆளைக் களைக்க வைப்பது நீளத்தால். பின்சக்கரப் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டில் பெரியது 34 பல் என்றால், பல ரோட் வண்டிகளில் வரும் 50/34 க்ராங்கே (பெரிய ரிங்கில் 50 பல், சின்னதில் 34) வழியிலுள்ள ரிங்லெட் ஊரைத் தாண்டியும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கால் நின்றுபோவது தோட்டத்துக்குள்தான். மேட்டில் படி வெட்டி நட்ட இடங்களில் பழ லோரி ஏறுவதற்குச் செம்மண் போட்டுப் பாதை எடுத்திருப்பார்கள். ஏற்றம் குட்டையாக இருக்கும், ஆனால் திடீரென்று நிமிரும். மேலே சரளை உருளும், ஓரத்தில் உதிரிப்பழம் நசுங்கி எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும். சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். உட்கார்ந்தபடி மெல்ல மிதித்தால்தான் டயருக்குப் பிடி கிடைக்கும். உட்கார்ந்து மிதிக்க வேண்டுமென்றால் கியர் இறங்க வேண்டும்.

700×38 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.18 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்தால், 34/34 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 34) மணிக்கு 7.8 கிலோமீட்டர். 30/34 என்றால் 6.9. 26/34 என்றால் 6. தாளில் சின்ன வித்தியாசமாகத் தெரிகிற இந்த ஒன்று, ஒன்றே முக்கால் கிலோமீட்டர்தான் மேட்டில் இறங்கித் தள்ளுவதற்கும் ஓட்டிக்கொண்டே ஏறுவதற்கும் நடுவில் நிற்பது.

மேல்பக்கமும் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 80 மிதியில் 50/11 மணிக்கு 48 கிலோமீட்டர் தரும். 46/11 என்றால் 44, 42/11 என்றால் 40. பீடோருக்குப் போகும் 1-ஆம் எண் சாலையில் தனி ஆளாக 40 ஓட்டுகிறவர் எத்தனை பேர்? 50 பல் ரிங் எங்களில் பெரும்பாலோருக்கு வெறும் சுமை. அதைக் கழற்றுவதில் தயங்க எதுவுமில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு பல் குறைந்தால் இரண்டு மில்லிமீட்டர்

இந்த இடத்தைப் பொறுமையாகப் படியுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

செயினின் ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர். ரிங்கில் ஒரு பல் குறையும்போது அதன் ஆரம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் குறையும். 50-லிருந்து 46-க்கு வந்தால் ரிங்கின் உச்சி 8 மில்லிமீட்டர் கீழே போகும். 42-க்கு வந்தால் 16. எஃப்.டி.யும் அதே அளவு சீட் டியூபில், அதாவது சீட்டைத் தாங்கும் குழாயில், கீழே இறங்கியாக வேண்டும். இறங்க இடம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி.

பட்டை போட்டு இறுக்கும் வகை எஃப்.டி. என்றால் கவலை குறைவு, தளர்த்தி இறக்கிக்கொள்ளலாம். ஃபிரேமிலேயே பற்றவைத்த கொக்கியில் மாட்டும் வகை என்றால், அந்தக் கொக்கியின் நீள்துளை எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவுதான். துளையின் கீழ் எல்லையை எட்டியும் கூண்டு (செயினை இரண்டு பக்கமும் அணைத்து நிற்கும் இரட்டைத் தகடு) ரிங்குக்கு மேல் அந்தரத்தில் நின்றால், அந்த ஃபிரேமில் அந்த ரிங் கனவை விட்டுவிட வேண்டியதுதான். க்ராங்க் வாங்குவதற்கு முன்பே ஓர் அடிமட்டத்தை வைத்துத் துளையில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று பார்த்துவிடுங்கள். இறக்கும்போது கூண்டின் வால் செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) இடிக்கிறதா என்பதையும் பாருங்கள். தடித்த டயருக்காக வளைத்த செயின்ஸ்டே உள்ள ஃபிரேம்களில் இது நடக்கும்.

இரண்டாவது, கூண்டின் வளைவு. ரோட் எஃப்.டி.யின் வெளித்தகடு 50 பல்லுக்கு மேற்பட்ட ரிங்கின் வட்டத்துக்கு ஏற்ப வளைக்கப்பட்டது. 50 பல் ரிங்கின் ஆரம் ஏறக்குறைய 101 மில்லிமீட்டர், 42 பல்லுக்கு 85. பெரிய வட்டத்துக்கு வெட்டிய தகட்டைச் சின்ன வட்டத்தின் மேல் வைத்தால் ஓர் இடத்தில்தான் நெருங்கும், வால் பக்கம் விலகிவிடும். செயினைத் தூக்கிவிட வேண்டிய தகடு தள்ளி நிற்பதால், செயின் சோம்பலாக ஏறும், சில நேரம் ரிங்கைத் தாண்டிப் பெடல் பக்கம் விழும். நான்கு பல் வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம். எட்டு பல் என்றால் கூண்டையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, கூண்டின் வாலில் இரண்டு தகட்டையும் இணைக்கும் பாலம். முன்னால் சின்ன ரிங், பின்னால் மிகச் சின்னப் பல் என்று வைத்தால் செயின் தாழ்ந்து போய் இந்தப் பாலத்தில் உரசும். இரண்டு ரிங்குக்கும் நடுவில் வித்தியாசம் கூடக்கூட உரசல் கூடும். எஃப்.டி.யின் கொள்ளளவு என்று தயாரிப்பாளர் 16 பல், 22 பல் என்று போடுவதன் பொருள் இதுதான். 46/30, 42/26 இரண்டிலும் வித்தியாசம் 16.

இருக்கும் ரோட் எஃப்.டி.யை இறக்கி ஓட்டுவது

செலவு குறைந்த வழி. 46/30 க்ராங்க் மட்டும் வாங்கி, பழைய எஃப்.டி.யை 8 மில்லிமீட்டர் இறக்கி, திரும்பச் சரிசெய்வது. லீவர் மாற்ற வேண்டாம், கேபிள் இழுவைப் பிரச்சினை இல்லை. நான்கு பல் வித்தியாசம்தான் என்பதால் வளைவும் ஓரளவு ஒத்துப்போகும். 30-இலிருந்து 46-க்குத் தூக்கும்போது கொஞ்சம் கால் தளர்த்திக் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இருப்பது பட்டை வகை எஃப்.டி., போதும் என்று நினைப்பது 30 பல் என்றால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், இதைச் செய்யுங்கள்.

30-ஐப் பழைய க்ராங்கிலேயே மாட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 110 மில்லிமீட்டர் போல்ட் வட்டம் (ரிங்கை மாட்டும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) கொண்ட க்ராங்கில் வழக்கமாக 34-தான் அடிமட்டம், அதற்குக் கீழே போனால் போல்ட்டுக்கே இடமிருக்காது. 94 மில்லிமீட்டர் வட்டத்தில் 30 போகும், 74-இல் 24, 64-இல் 22. காசு அதிகம் கரைவது க்ராங்கில்தான், எஃப்.டி.யில் அல்ல.

கிரேவல் செட்டாகவே வாங்குவது

ஷிமானோ நிறுவனம் 2019-இல் ஜி.ஆர்.எக்ஸ். என்ற கிரேவல் (சரளைப் பாதை) வண்டிகளுக்கான வரிசையைக் கொண்டுவந்தது. அதில் 46/30, 48/31 க்ராங்குகள் உண்டு. தடித்த டயருக்கு இடம் கொடுப்பதற்காக ரிங்குகளை ரோட் க்ராங்கைவிட 2.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி வைத்திருக்கிறார்கள். எஃப்.டி.யும் அதே அளவு வெளியே நகரும்படி செய்யப்பட்டது. அதனால் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஜி.ஆர்.எக்ஸ். க்ராங்குக்கு ரோட் எஃப்.டி. வைத்தால் வெளிப்பக்கம் எட்டாது. ரோட் க்ராங்குக்கு ஜி.ஆர்.எக்ஸ். எஃப்.டி. வைத்தால் உள்பக்கம் வராது. 2.5 மில்லிமீட்டர்தானே, திருகிச் சமாளிக்கலாம் என்று முயல்கிறவர்களுக்கு, கூண்டு நகரும் எல்லையை நிறுத்தும் லிமிட் ஸ்க்ரூவை முழுதும் திருகி முடித்த பிறகும் செயின் கூண்டில் உரசிக்கொண்டிருக்கும்.

செட்டாக வாங்கினால் வேலை சுத்தமாக இருக்கும். புதிதாகக் கிரேவல் வண்டி வாங்குகிறவர் இந்த செட்டோடு வரும் வண்டியைத் தேடுவது நல்லது. கையில் இருக்கும் வண்டியை மாற்றுகிறவருக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை.

பழைய 10 வேக ஷிமானோ லீவர் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சைக்ளோகிராஸ் பந்தயங்களில் ஓடும் 46/36 க்ராங்குக்காக எஃப்.டி.-சி.எக்ஸ்.70 என்று ஒன்று வந்தது. கேபிள் மேலிருந்து வரும் வகை, கீழிருந்து வரும் வகை இரண்டும் உண்டு. வளைவு 46-க்கு ஏற்றது. தயாரிப்பில் இப்போது இல்லை. பழைய பாகங்கள் விற்கிற இடத்தில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

மூன்று ரிங்கை ஏன் மறந்தோம்?

தோட்டத்து வீடுகளின் பின்கட்டில், கப்சாய் மோட்டார் சைக்கிள் வந்த பிறகு யாரும் தொடாத மவுண்டன் சைக்கிள் ஒன்று பல இடங்களில் சாய்ந்து கிடக்கிறது. அதில் 44/32/22, அல்லது 42/32/22 க்ராங்க் இருக்கும். அதற்கென்றே செய்த எஃப்.டி., அதற்கென்றே செய்த லீவர், எல்லாம் ஒரே குடும்பம். கேபிளையும் செயினையும் புதிதாகப் போட்டு, எண்ணெய் விட்டால் ஓடும். 22 பல்லுக்குப் பின்னால் 32 வைத்தால் எங்கள் தோட்டங்களில் ஏறாத மேடு கிடையாது.

மூன்று ரிங் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று கடைக்காரத் தவுக்கே முதல் இளைஞர்கள் வரை ஒதுக்கிவிட்டார்கள். அகல ஹேண்டில்பாரில் உடன்பாடு உள்ளவருக்கு, சின்ன ரிங் தேடிப் புறப்பட்டவருக்கு, இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு எளிது.

மவுண்டன் எஃப்.டி., உராய்வு லீவர்

டிராப் பார் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்) வண்டியில் 30-க்கும் கீழே போக விரும்புகிறவருக்கு நான் சொல்வது இந்த வழியை. என் சொந்தத் தேர்வும் இதுதான்.

ரோட் லீவருக்கும் மவுண்டன் எஃப்.டி.க்கும் ஒத்துவராது. லீவர் ஒரு சொடுக்கில் இழுக்கும் கேபிளின் நீளம் வேறு, எஃப்.டி. எதிர்பார்க்கும் நீளம் வேறு. சொடுக்கு எண்ணும் லீவரை விட்டுவிட்டு, உராய்வில் நிற்கும் சாதாரண லீவரைப் போட்டால் இந்தச் சிக்கல் அப்படியே மறைந்துவிடும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இழுக்கலாம். ஷிமானோவின் ஹேண்டில்பார் முனை லீவர்களில் இடது கை லீவர் உராய்வு வகைதான். மைக்ரோஷிஃப்ட், டியா-கோம்பே போன்றவையும் இந்த வகை லீவர் செய்கின்றன.

எஃப்.டி.யைத் தேர்ந்தெடுக்க ஒரே விதி: கூண்டு எந்தப் பெரிய ரிங்குக்காகச் செய்யப்பட்டதோ, உங்கள் பெரிய ரிங் அதிலிருந்து நான்கு பல்லுக்கு மேல் விலகக் கூடாது. 46 போடுகிறவர் 48/36/26 டிரெக்கிங் க்ராங்குக்கு வந்த எஃப்.டி.யைத் தேடலாம். 40, 42 போடுகிறவருக்கு 42 அல்லது 44 பல்லுக்கான மவுண்டன் மூன்று ரிங் எஃப்.டி. 36, 38 என்றால் மவுண்டன் இரண்டு ரிங் எஃப்.டி.

மூன்று ரிங்குக்கான எஃப்.டி.யின் உள்தகடு ஆழமாக இறங்கியிருக்கும். செயினை அடியிலிருந்து அள்ளித் தூக்க அது மிகவும் உதவும். ஆனால் இரண்டு ரிங்குக்கும் நடுவில் 12 பல்லாவது வித்தியாசம் இல்லாவிட்டால் அந்தத் தகடு சின்ன ரிங்கில் இடிக்கலாம். 42/26-க்குத் தொல்லை இல்லை. 36/26 போடுகிறவர் ஆழம் குறைந்த இரண்டு ரிங் எஃப்.டி.க்குப் போக வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. பட்டையின் விட்டம் 28.6, 31.8, 34.9 என்று மூன்று அளவில் வரும். பழைய இரும்பு ஃபிரேம்களில் பெரும்பாலும் 28.6. பெரிய பட்டையோடு உள்ளே வைக்கும் வளையம் கொடுத்திருந்தால் சின்னக் குழாய்க்கும் பொருந்தும். அடுத்தது, கேபிள் மேலிருந்து வருகிறதா, க்ராங்கின் அச்சு அமரும் பாட்டம் பிராக்கெட்டின் அடியிலிருந்து வருகிறதா. இரண்டுக்கும் ஆகும் எஃப்.டி.களும் உண்டு, கிடைத்தால் அதுவே நல்லது.

க்ராங்கின் இடமும் இங்கே கணக்கில் வரும். ரோட் இரண்டு ரிங் க்ராங்குகள் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து 43.5 மில்லிமீட்டர் அளவில் நிற்கும், மவுண்டன் க்ராங்குகள் 47.5 முதல் 50 வரை. மவுண்டன் எஃப்.டி. வெளியே நிற்கும் ரிங்குக்காகச் செய்யப்பட்டதால், சில ஃபிரேம்களில் 43.5-க்கு உள்ளே வர மறுக்கும். மவுண்டன் எஃப்.டி. போடுகிறவர் க்ராங்கையும் கொஞ்சம் வெளியே நிற்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. சதுர முனை பாட்டம் பிராக்கெட் என்றால் அச்சின் நீளத்தை மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம். பழைய பாகங்களை இன்றும் நான் விரும்புவதற்கு அது ஒரு காரணம்.

குறை ஒன்று உண்டு. பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும் வசதி இடது பக்கம் போய்விடும். கையை ஹேண்டில்பார் முனைக்குக் கொண்டுபோய் மாற்ற வேண்டும். மேடு தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடும் பழக்கம் வந்துவிட்டால் அது குறையாகத் தெரியாது.

ஒற்றை ரிங்

ஸ்ராம் நிறுவனம் 2012-இல் எக்ஸ்எக்ஸ்1 கொண்டுவந்த பிறகு ஒற்றை ரிங் பரவியது. எஃப்.டி.யும் இல்லை, இடது லீவரும் இல்லை, சேறு அடைக்கக் கூண்டும் இல்லை. 38 ரிங், பின்னால் 11-42 என்றால் நிமிடத்துக்கு 60 மிதியில் 7.1 கிலோமீட்டர், 80 மிதியில் மேலே 36. தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது போதும், நான் தடுக்க மாட்டேன்.

ஒற்றை ரிங்கில் கியருக்குக் கியர் இடைவெளி பெரிது என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. ஷிமானோவின் 11 வேக 11-42 கேசட்டிலும் 11-34 கேசட்டிலும் முதல் ஆறு பல்சக்கரங்கள் ஒன்றேதான்: 11, 13, 15, 17, 19, 21. வித்தியாசம் வேறு இடத்தில் வருகிறது. நிமிடத்துக்கு 80 மிதியில் 30 கிலோமீட்டர் வேகம் போகும்போது 38 ரிங் வைத்திருப்பவர் பின்னால் 13-இல் இருப்பார், 46 வைத்திருப்பவர் 15-க்கும் 17-க்கும் நடுவில் இருப்பார். சின்னப் பல்லில் இருக்கிறவருக்கு அடுத்த கியர் பெரிய தாவல், அந்தப் பல் சீக்கிரம் தேயவும் செய்யும். கம்பார் வரை குழுவாகப் போகிறவர்களுக்கு இது காலில் தெரியும். மொத்த வீச்சிலும் 46/30-உம் 11-34-உம் சேர்ந்தால் 4.74 மடங்கு, 38-உம் 11-42-உம் சேர்ந்தால் 3.82.

செலவும் பாருங்கள். கேசட், நீளக் கூண்டுள்ள பின் டிரெயிலியர், பல வண்டிகளில் வலது லீவர், எல்லாம் மாற வேண்டும். 8, 9 வேக வண்டி வைத்திருப்பவருக்கு அது பாதி வண்டி விலை.

எஃப்.டி.யைக் கழற்றிவிட்டு இரண்டு ரிங்கையும் வைத்துக்கொண்டு, மேட்டடியில் இறங்கிக் கையால் செயினை மாற்றுகிறவர்களும் உண்டு. வாரம் ஒரு மேடு ஏறுகிறவருக்கு அது சரி.

சரிசெய்யும் முறை

செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் இரும்பு ஃபிரேமில் 42/26 பூட்டிய வேலையை வைத்துச் சொல்கிறேன். 110-74 போல்ட் வட்டம் உள்ள மூன்று ரிங் க்ராங்க். நடு இடத்தில் 42, உள் இடத்தில் 26, வெளி இடம் காலி. எஃப்.டி. பழைய மவுண்டன் மூன்று ரிங் வகை, 28.6 வளையத்தோடு. கடைத்தெரு அஞ்சடியில் (கடைமுன் நடைவழியில்), வண்டியைத் தலைகீழாக்காமல், பின்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி நிறுத்தி வைத்துச் செய்தோம். தலைகீழாக வைத்தால் செயின் தொங்கும் விதம் மாறிவிடும், பாலத்தில் உரசுவது தெரியாது.

முதலில் உயரம். பெரிய ரிங்கின் உச்சிப் பல்லுக்கும் வெளித்தகட்டின் அடிவிளிம்புக்கும் நடுவில் 1 முதல் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணால் அளக்க வேண்டாம். 2 மில்லிமீட்டர் ஆலன் சாவியை இடையில் விட்டுப் பாருங்கள், இறுக்கமும் இல்லாமல் ஆட்டமும் இல்லாமல் வழுக்கிப் போனால் அதுதான் அளவு. க்ராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். புது ரிங்குகளில் செயின் எளிதாக ஏறுவதற்குச் சில பற்களைக் குட்டையாக வெட்டியிருப்பார்கள், உயரமான பல்லில்தான் அளக்க வேண்டும்.

அந்தத் தம்பி பட்டையை இறுக்கிவிட்டு, "சரியா இருக்குண்ணே" என்றார். மேலிருந்து குனிந்து பார்த்தால் வெளித்தகட்டின் வால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. "தம்பி, மேல இருந்து பாருங்க. தகடும் ரிங்கும் தண்டவாளம் மாதிரி ஒண்ணுக்கொண்ணு நேரா போகணும்" என்றேன். சும்மா நிற்கும்போது பார்த்தால் தவறாகத் தெரியும். கூண்டைக் கையால் வெளியே இழுத்துப் பெரிய ரிங்குக்கு மேல் கொண்டுவந்து, அந்த நிலையில் பார்க்க வேண்டும். கூண்டு நகரும்போது கோணம் சற்று மாறும்.

அடுத்தது உள் லிமிட் ஸ்க்ரூ. கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். செயினைச் சின்ன ரிங்கிலும் பின்னால் மிகப் பெரிய பல்லிலும் போடுங்கள். உள்தகட்டுக்கும் செயினுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். இடைவெளி அதிகமானால் மேட்டில் இறக்கும்போது செயின் பாட்டம் பிராக்கெட் பக்கம் விழும்.

பிறகு கேபிள். கையால் இழுத்துப் பிடித்துத் திருகுங்கள், குறடு போட்டு இழுக்க வேண்டாம். கேபிள் திருகின் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனியுங்கள். வாஷரில் அதற்கென்று ஒரு வரி வெட்டியிருக்கும். தவறான பக்கம் போனால் நெம்புகோலின் நீளம் மாறி, லீவர் இழுக்கும் அளவுக்குக் கூண்டு நகராது. உராய்வு லீவரிலும் இது சிரமம் தரும், சொடுக்கு லீவரில் வேலையே நடக்காது.

வெளி லிமிட் ஸ்க்ரூ கடைசி. பெரிய ரிங், பின்னால் மிகச் சின்னப் பல். வெளித்தகட்டுக்கும் செயினுக்கும் அதே அரை மில்லிமீட்டர்.

நின்ற வண்டியில் எல்லாம் நன்றாகத்தான் ஏறும். உண்மையான சோதனை மேட்டில். கால் பலம் கொடுத்து மிதித்துக்கொண்டே சின்ன ரிங்குக்கு இறக்கிப் பாருங்கள். அந்தத் தம்பியின் வண்டியில் 26-உம் பின்னால் 11-உம் சேர்ந்தால் செயின் பாலத்தில் உரசியது, 13-இலும் கொஞ்சம். மற்றதில் இல்லை. அந்த இரண்டு கியரையும் யாரும் வேண்டியிருந்து போடுவதில்லை, 42-இல் அதே வேகம் கிடைக்கும். எஃப்.டி.யைத் தூக்கி அந்த உரசலைப் போக்க முயன்றால் மேலே ஏறுவது கெட்டுவிடும். விட்டுவிடச் சொன்னேன்.

செயினின் நீளத்தை மறந்துவிடாதீர்கள். ரிங்கில் செயின் பாதிச் சுற்றுத்தான் படிந்திருக்கும். 50-லிருந்து 42-க்கு வந்தால் எட்டு பல்லில் பாதி, நான்கு கண்ணி மிச்சமாகும். அதை வெட்டாவிட்டால் செயின் தொளதொளவென்று தொங்கி, சரளையில் குதிக்கும்போதெல்லாம் கழன்று விழும். பின் டிரெயிலியரும் தாங்க வேண்டும்: முன் வித்தியாசம் 16, பின்னால் 11-34 என்றால் 23, மொத்தம் 39. குட்டைக் கூண்டு பின் டிரெயிலியர் இதை இழுத்துப் பிடிக்காது.

எங்கள் மண்ணுக்காக ஒரு விஷயம். பெரிய ரிங்குக்கு ஏற்றுவது உங்கள் கைபலம், சின்ன ரிங்குக்கு இறக்குவது எஃப்.டி.யின் உள்ளே இருக்கும் சுருள்கம்பி. அக்டோபர், நவம்பர் மழையில் செம்மண் சேறு பாட்டம் பிராக்கெட்டின் அடியில் உள்ள பிளாஸ்டிக் கேபிள் வழியில் புகுந்து, வெயிலில் காய்ந்து இறுகிவிடும். அப்போதும் கை இழுத்தால் கேபிள் நகரும், ஆனால் சுருள்கம்பியால் திரும்ப இழுக்க முடியாது. அதனால் மேட்டடியில், சின்ன ரிங் வேண்டிய அந்த இடத்தில்தான் எஃப்.டி. மறுக்கும். லிமிட் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பிக்காதீர்கள். வண்டியைச் சாய்த்து, பல் துலக்கும் பழைய பிரஷும் தண்ணீரும் கொண்டு அந்த வழியைக் கழுவுங்கள், எஃப்.டி.யின் நான்கு மூட்டிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கேபிள் மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகுக் கேபிளையே வாங்குங்கள்.

உள்பக்கம் செயின் விழாமல் தடுக்கும் சின்னத் தடுப்பு ஒன்றைச் சீட் டியூபில் மாட்டிவிடுங்கள், விலை அதிகமில்லை. பட்டைத் திருகுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் போதும். கார்பன் ஃபிரேம் என்றால் ஃபிரேம் செய்தவர் எழுதிய அளவைத் தாண்டக் கூடாது. புதுக் கேபிள் போட்ட முதல் சில ஓட்டத்தில் உறை முனைகள் அமர்ந்து கேபிள் தளரும். அப்போது கேபிளை மட்டும் கொஞ்சம் இழுத்துத் திருகுங்கள், லிமிட் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.